தீர்ப்பு வராத வழக்குகள்

கர்ணனும் ராவணனும் கண்ணகியும் நம் திரையை விட்டு ஏன் இறங்குவதே இல்லை?

பி.ஆர்.பந்துலுவின் ‘கர்ணன்’, முதல் வெளியீட்டுக்கு 48 ஆண்டுகள் கழித்து, 2012 மார்ச் மாதம் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு மறுபடியும் திரையரங்குகளுக்கு வந்தது. தொலைக்காட்சியில் எத்தனையோ முறை போட்டுத் தீர்த்த படம். கதையோ அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. கவச குண்டலத்தை இந்திரன் வாங்கிப் போவான், தேர்ச் சக்கரம் மண்ணில் புதையும், கண்ணன் கையேந்தி நிற்பான், கர்ணன் சாவான் என்பது படத்துக்கு வந்த பேரனுக்கும் தெரியும், அவனை அழைத்து வந்த தாத்தாவுக்கும் தெரியும். இருந்தும் கூட்டம் வந்தது. சில அரங்குகளில் படம் 100 நாட்களைத் தாண்டி ஓடியது. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல்தான் ரசிகனை இருக்கையில் உட்கார வைக்கிறது என்று திரைக்கதைப் பாடங்கள் சொல்லும். அந்தப் பாடத்துக்கு இங்கே வேலையே இல்லாமல் போனது.

பக்திதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். சிவாஜியின் நடிப்பு என்பார்கள் சிலர். பழைய நினைவுகளின் சுகம் என்பார்கள் இன்னும் சிலர். மூன்றிலும் உண்மை உண்டு, ஆனால் மூன்றும் போதாது. பக்தியால் வந்த கூட்டம் என்றால் அது கண்ணனுக்கல்லவா கைதட்ட வேண்டும்? அம்பு தைத்துக் கிடப்பவனிடம் கண்ணன் அந்தணர் வேடத்தில் வந்து அவன் செய்த புண்ணியத்தையும் யாசகமாகக் கேட்கும்போது, அரங்கம் முழுவதும் கொடுக்கிறவன் பக்கம் சாய்கிறது. வாங்குகிறவர் கடவுள் என்று தெரிந்தே சாய்கிறது. இதிலிருந்துதான் என் வாதம் தொடங்குகிறது. புராணமும் காப்பியமும் நம் சினிமாவுக்குத் தந்த பெரிய செல்வம் கதை முடிச்சுகளோ பாத்திரங்களோ மட்டும் அல்ல. முடிவு தெரிந்தும் தீர்ப்பு வராத வழக்குகளைத் தந்திருக்கின்றன. கர்ணனுக்கு நடந்தது நியாயமா, வாலியை மறைந்து நின்று கொன்றது தர்மமா, கோவலன் தலை எந்தச் சட்டப்படி உருண்டது? எந்தப் படம் இந்த வழக்கை மறுபடியும் எடுத்து விசாரிக்கிறதோ, அந்தப் படத்துக்குத் தமிழ் ரசிகன் சாட்சியாகவும் நடுவராகவும் வந்து உட்காருகிறான். எந்தப் படம் புராணத்தை வெறும் அலங்காரமாக எடுத்து மாட்டிக்கொள்கிறதோ, அதை அவன் முதல் வாரத்திலேயே விட்டுவிடுகிறான்.

கூத்துக்களம் பழக்கிய கண்கள்

இந்தப் பழக்கம் சினிமா கொட்டகையில் தொடங்கியதல்ல. விழுப்புரம், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் வட்டாரங்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, நிறைவு நாளில் படுகளம். ஊர்ப் பொதுவில் மண்ணால் துரியோதனன் உருவத்தை மல்லாந்து கிடக்கும்படி பிரம்மாண்டமாக வனைந்து வைப்பார்கள். பீமன் வேடக்காரர் அதன் தொடையில் அடிப்பார்; அவிழ்ந்த கூந்தலோடு நின்ற திரௌபதி அதன்பின் கூந்தல் முடிப்பாள். அதே களத்தில் காந்தாரி வந்து மகனை நினைத்து மாரில் அடித்துக்கொண்டு அழும் வழக்கமும் பல ஊர்களில் உண்டு. திரௌபதியின் சபதம் நிறைவேறியதற்குக் குலவையிட்ட பெண்கள், துரியோதனனைப் பெற்றவளோடு சேர்ந்தும் கண் கலங்குவார்கள். வென்றவள் பக்கத்து நியாயத்தையும் தோற்றவனைப் பெற்றவளின் துக்கத்தையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கப் பழகிய கண்கள் அவை. ‘கர்ண மோட்சம்’ கூத்தில் பொன்னுருவி, கணவனின் பிறப்பைச் சொல்லிக் குத்துகிறாள். வியாசரிடம் இல்லாத பாத்திரம் அவள். அரண்மனைக்குள்ளேயே சாதி எப்படிப் பேசும் என்று காட்டுவதற்காக மக்கள் உண்டாக்கிக்கொண்டவள்.

ஏட்டு இலக்கியமும் இதே வேலையைச் செய்திருக்கிறது. கம்பனின் வாலி, அம்பு தைத்த மார்போடு ராமனை நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்கிறான். கம்பனின் ராவணன் சீதையைத் தீண்டாமல், அவள் இருந்த பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துப் போகிறான். வால்மீகியிலிருந்து கம்பன் விலகிய இந்த ஒரு விலகல், ராவணன் மீதான குற்றப்பத்திரிகையையே மாற்றி எழுதிவிடுகிறது. துரியோதனனின் மனைவி பானுமதியின் மேகலை அறுந்து முத்துகள் சிதறி, கர்ணன் பதறி நிற்கும்போது, துரியோதனன் துளியும் ஐயப்படாமல், சிந்தியவற்றைப் பொறுக்கித் தரட்டுமா, கோத்தும் தரட்டுமா என்று கேட்டான் என்ற நிகழ்ச்சி வில்லிபாரதம் வழியாகத் தமிழ் மனதில் ஊன்றியது. அந்த ஒரு கேள்வியால் துரியோதனன், நட்பின் இலக்கணம் அறிந்தவனாக நம்மிடம் வந்து சேர்கிறான். பந்துலுவின் படத்தில் எஸ்.ஏ.அசோகனும் சாவித்திரியும் சிவாஜியும் நடித்த அந்தக் காட்சி வடமொழி மூலத்திலிருந்து வந்ததல்ல. இந்த மண்ணின் பாரதத்திலிருந்து வந்தது.

பிறகு மேடை நாடகம். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களில் ஊர் காத்துக் கிடந்ததே தர்க்கத்துக்குத்தான். வள்ளியும் நாரதரும் தர்க்கம் செய்வார்கள். சாவித்திரி எமனையே மடக்குவாள். அந்தத் தர்க்கம் நடிகர்களின் கெட்டிக்காரத்தனத்துக்கு ஏற்ப விடிய விடிய நீளும். 1939இல் சா.கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். கம்பன் விழாக்களிலிருந்து வளர்ந்த பட்டிமண்டபமும் வழக்காடு மன்றமும் கைகேயியையும் ராமனையும் பெயர் சொல்லிக் கூண்டில் ஏற்றின. குன்றக்குடி அடிகளார் போன்ற துறவியே நடுவராக அமர்ந்து இருதரப்பையும் கேட்டார். காப்பிய நாயகர்களை விசாரணைக்கு அழைப்பது இங்கே அவமரியாதை ஆனதில்லை; அதுவே திருவிழாவாக இருந்தது. தமிழ் சினிமா இந்தச் சபைக்குள்தான் வந்து நுழைந்தது.

கடவுளைக் கேள்வி கேட்ட பக்திப் படம்

தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம் ஆர்.நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’. முப்பதுகளில் வந்த பேசும் படங்களில் பெரும்பாலானவை நாடக மேடையிலிருந்து அப்படியே இறங்கிய புராணக் கதைகள். 1934இல் தியாகராஜ பாகவதரை அறிமுகப்படுத்திய ‘பவளக்கொடி’யும் அப்படித்தான் வந்தது. அந்தக் காலத்து முதலாளிக்குப் புராணம் பாதுகாப்பான முதலீடு. கதை தெரிந்தது, பாட்டு தெரிந்தது, விளம்பரத்துக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம். ஆனால் அப்படி வந்த நூற்றுக்கணக்கான படங்களில் இன்று எத்தனை நினைவில் இருக்கின்றன? தங்கியவை எவை என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. 1958இல் வந்த ‘சம்பூர்ண ராமாயணம்’ படத்தில் ராமனாக என்.டி.ராமராவ் நடித்தார். ஆனால் மக்கள் இன்றும் பேசுவது சிவாஜியின் பரதனையும், இசையில் தோய்ந்த பேரறிஞனாக டி.கே.பகவதி காட்டிய ராவணனையும்தான். அரியணையை மறுத்தவனும், எல்லாம் கற்றும் கெட்டவனும் நம்மைக் கேள்வி கேட்க வைக்கிறார்கள். குறையே இல்லாதவனைக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

புராணத்தை மறுத்த பகுத்தறிவு இயக்கத்தாலும் இந்த வழக்காடும் மரபைத் தவிர்க்க முடியவில்லை, தவிர்க்க விரும்பவுமில்லை. ராமாயணத்தை எதிர்த்தவர்கள் சிலப்பதிகாரத்தைக் கையில் எடுத்தார்கள். அந்தக் காப்பியத்தின் உச்சமே ஒரு நீதிமன்றக் காட்சி. பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரல், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். உடைத்துக் காட்டியதும் அரசனின் தீர்ப்பு பொய்த்துப் போகிறது, அரசனும் உயிர் விடுகிறான். 1942இல் ஜூபிடர் தயாரித்த ‘கண்ணகி’யில் இளங்கோவன் எழுதிய வசனங்களைப் பி.கண்ணாம்பா பேசிய வேகம் தமிழ்த் திரை வசனத்துக்கே புது வழி போட்டது. 1952இல் ‘பராசக்தி’யின் குணசேகரன் குற்றவாளிக் கூண்டில் நின்றபடி சமுதாயத்தைக் குற்றவாளி ஆக்கியபோது, கண்ணகி பாண்டியன் அவையில் செய்ததை அவனும் செய்தான். 1964இல் கலைஞர் கருணாநிதியின் எழுத்தில் ‘பூம்புகார்’ வந்தது. அதே ஆண்டில்தான் ‘கர்ணன்’ படமும் வந்தது. ஒன்று பகுத்தறிவு முகாமின் படம், மற்றது புராணப் படம். பிறப்பாலும் அதிகாரத்தாலும் அநியாயமாகச் செத்தவர்களுக்காக வாதாடுவதில் இரண்டும் ஒரே பக்கம் நிற்கின்றன.

எதிர் முகாமிலும் இதே கதைதான். 1965இல் ஏ.பி.நாகராஜன் எடுத்த ‘திருவிளையாடல்’, பரஞ்சோதி முனிவரின் புராணத்திலிருந்து எடுத்த முழுமையான பக்திப் படம். இரண்டே ஆண்டுகளில் திராவிட இயக்கம் ஆட்சியைப் பிடிக்கப்போகும் காலம் அது. அந்தப் படத்தில் தலைமுறை தலைமுறையாகப் பள்ளி ஆண்டு விழாக்களில் நடித்துக் காட்டும் பகுதி எது? வறுமையில் புலம்பும் தருமியும், சிவபெருமானே எழுதித் தந்த பாட்டில் பிழை என்று சபையில் எழுந்து நிற்கும் நக்கீரனும் வரும் பகுதி. நெற்றிக் கண்ணைத் திறந்த பிறகும் நக்கீரன் தன் வாதத்தை விடவில்லை. அந்த நக்கீரனாக நாகராஜனே நடித்தார். கடவுளிடம் குற்றம் காண்பவனுக்கு இடம் தந்ததால் அந்தப் படத்தின் பக்தி குறையவில்லை; கூடியது. கேள்வியைத் தாங்கும் தெய்வமே மதிக்கத்தக்க தெய்வம் என்ற நம் பழைய எண்ணத்தை அந்தக் காட்சி உறுதிப்படுத்தியது.

நாட்டார் தெய்வங்களின் கதையை எடுத்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரனும், கழுவேற்றப்பட்ட காத்தவராயனும், அதிகாரம் கொன்று மக்கள் கும்பிட்டவர்கள். அரண்மனையில் தோற்ற வழக்கைச் சனங்கள் பீடம் கட்டி வென்றெடுத்தார்கள். 1956இல் எம்.ஜி.ஆர். ‘மதுரை வீரன்’ ஆனார். அவர் பாத்திரம் இறந்துபோகும் படங்கள் ஓடாது என்பார்கள். அந்தப் படத்தில் வீரன் சாகிறான், படமோ பெருவெற்றி. எம்.ஜி.ஆர். பிம்பத்தின் செல்வாக்கை ஆராய்ந்த எம்.எஸ்.எஸ்.பாண்டியன், ஒடுக்கப்பட்டோர் பாடிவந்த நாட்டார் வீரர் கதைகளில் அதன் வேர் இருப்பதைத் தன் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

தீர்ப்பைத் திருத்திய ‘தளபதி’

1991 தீபாவளிக்கு வந்த மணிரத்னத்தின் ‘தளபதி’யில் கடவுள் இல்லை, தேர் இல்லை, வில் இல்லை. போகியன்று மணமாகாத ஒரு சிறுமி தன் குழந்தையைச் சரக்கு ரயிலில் விட்டுவிடுகிறாள். ஆற்றில் விட்ட பேழையின் இடத்தில் ரயில் பெட்டி. பிறவிக் கவசத்தின் இடத்தில் குழந்தையைச் சுற்றிய துணி. சூரியனுக்கு வசனம் தேவைப்படவில்லை. சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவில் ரஜினியின் முகத்துக்குப் பின்னால் அது உதித்துக்கொண்டே இருக்கிறது. நாயகனின் பெயர் சூர்யா, நண்பன் தேவராஜ், எதிரே நிற்கும் கலெக்டர் அர்ஜுன். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் பார்ப்பவருக்கு உறவுகள் எல்லாம் விளங்கிவிடுகின்றன. பாத்திரங்களுக்குத்தான் விளங்கவில்லை. சூர்யாவும் அர்ஜுனும் முறைத்துக்கொண்டு நிற்கும் தொடக்கக் காட்சிகளில், அவர்கள் ஒரு தாய் மக்கள் என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. இந்த அறிவுச் சுமையைத் திரைக்கதை கட்டி எழுப்ப வேண்டியிருந்தால் அதற்கே ஒரு மணி நேரம் போயிருக்கும். பாரதம் அதை முன்கூட்டியே நமக்குள் ஏற்றி வைத்திருந்தது.

ஆனால் அந்தப் படத்தின் உண்மையான துணிச்சல் முடிவில் இருக்கிறது. இங்கே கர்ணன் சாகவில்லை, துரியோதனன் சாகிறான். தாய் கடைசியில், சட்டப்படி பெற்ற மகனோடு போகாமல், கைவிட்ட மகனோடு இருக்க முடிவெடுக்கிறாள். குந்தி தன் மூத்த மகனுக்கு உயிரோடு இருந்தபோது தராததை ஸ்ரீவித்யாவின் கல்யாணி தருகிறாள். ரஜினியைக் கொன்றால் ரசிகர்கள் ஏற்கமாட்டார்கள் என்ற வணிகக் கணக்குத்தானே இது என்று கேட்கலாம். அந்தக் கணக்கு இருந்திருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும், கர்ணன் சாகக் கூடாது என்று கோடிப் பேர் விரும்பினார்கள் என்பதுதானே அந்தக் கணக்குக்கு அடிப்படை? கூத்துக்களத்தில் காலங்காலமாக அவனுக்காக அழுத கண்கள் முதல் முறையாக வேறொரு தீர்ப்பைப் பார்த்தன.

ராவணனுக்கு இரண்டு ஊர்கள்

மணிரத்னமே 2010இல் இன்னொரு சோதனை செய்தார். ஒரே கதை, ஒரே களம், ஒரே நேரத்தில் படப்பிடிப்பு. இந்தியில் ‘ராவண்’, தமிழில் ‘ராவணன்’. இந்திப் படம் தோற்றது. தமிழ்ப் படம் தாக்குப்பிடித்து ஓடியது. விக்ரமின் நடிப்புதான் வேறுபாடு என்பவர்கள் உண்டு. அதற்கும் பங்கு உண்டு. ஆனால் அதே விக்ரம் இந்தியில் காவல் அதிகாரியாக, ராமனின் இடத்தில் இருந்தார். என் பார்வையில் இன்னும் ஆழமான காரணம், இந்த வழக்கு தமிழ்நாட்டில் முன்பே நடந்துகொண்டிருந்தது என்பதுதான். புலவர் குழந்தை 1946இல் ‘இராவண காவியம்’ எழுதினார். 1948இல் சென்னை மாகாண அரசு அதைத் தடை செய்தது. 1971இல்தான் தடை நீங்கியது. கம்பனின் கண்ணியமான ராவணன், பகவதியின் இசை ராவணன், திராவிட மேடைகளின் ராவணன் என்று மூன்று பேரை அறிந்த ரசிகனுக்கு, படத்தின் நாயகன் வீரையா புதியவன் அல்ல. காவல் நிலையத்தில் சீரழிக்கப்பட்ட தங்கை வெண்ணிலாவுக்காகப் பழி வாங்குகிறவன், கவர்ந்து வந்தவளைத் தீண்டாதவன். அக்கினிப் பிரவேசத்தின் இடத்தில் உண்மை கண்டறியும் சோதனைக்கு மனைவியை அழைக்கிறான் கணவன், அதுவும் வீரையாவைப் பிடிக்கப் போட்ட தூண்டிலாக. அது நடக்கும் ரயில் பெட்டிக் காட்சியில் ராமன் கட்சி வலுவிழந்து போகிறது. வாதத்தின் முதல் பாதியைப் பாட்டன் காலத்திலேயே கேட்டுவிட்ட ஊரில் அந்தக் காட்சி சரியாகப் போய் விழுந்தது.

2018இல் பா.ரஞ்சித் ராவணன் கட்சியை இன்னும் முன்னே எடுத்துச் சென்றார். ‘காலா’வில் ஹரி தாதாவின் வெள்ளை மாளிகையில் ராமாயணம் ஓதும் குரல் ஒலிக்க, தாராவியில் காலாவின் ஆட்கள் மீது வன்முறை ஏவிவிடப்படுகிறது. இரண்டும் மாறி மாறி வெட்டப்படுகின்றன. நிலம் யாருக்கு என்பதுதான் அந்தப் படத்தின் வழக்கு. இலங்கை தாராவியாகிறது. பத்துத் தலை ஒரு மனிதனின் உடலிலிருந்து விலகி, ஒரு மக்கள் கூட்டத்தின் முகங்களாகிறது.

மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ 2021இல் வந்தபோது வழக்கு அதன் பிறப்பிடத்துக்கே திரும்பியது. பொடியங்குளத்தில் பேருந்து நிற்காது. அந்த ஊரில் துரியோதனன் என்று ஒரு பெரியவர், அபிமன்யு என்று ஒருவர், திரௌபதி என்று ஒரு பெண், எமன் என்று ஒரு தாத்தா. காவல் அதிகாரிக்கு வைத்த பெயரோ கண்ணபிரான். ஒடுக்கப்பட்ட மக்கள் அரசகுலப் பெயர்களைச் சூடியிருப்பதே அந்த அதிகாரியை எரிச்சலூட்டுகிறது. 1995இல் கொடியங்குளத்தில் நடந்த காவல்துறை வன்முறையின் நிழல் படமெங்கும் விழுகிறது. இதில் மிக நுட்பமான இடம் மீன் வெட்டும் காட்சி. மேலிருந்து விழும் மீனை வாளால் ஒரே வீச்சில் இரண்டாக்குகிறவனுக்கு ஊரின் வாள் உரியது. பாரதத்தில் மீனை வீழ்த்தி திரௌபதியை மணந்தவன் அர்ஜுனன். தேரோட்டி மகன் என்று சொல்லிக் கர்ணனுக்கு அந்த வாய்ப்பே மறுக்கப்பட்டது என்பது மக்கள் வழக்கில் ஊறிய கதை. மாரி செல்வராஜ் அந்த மீனைக் கர்ணனின் வாளுக்குக் கொடுக்கிறார், திரௌபதியின் காதலையும் அவனுக்கே கொடுக்கிறார். சுயம்வர மண்டபத்தில் நடந்த அநீதி ஒரு கிராமத்து விளையாட்டில் சரிசெய்யப்படுகிறது. பாரதம் தெரியாதவருக்கு அது வீரக் காட்சி. தெரிந்தவருக்கு அது நிலுவையில் கிடந்த நீதி.

மூன்று மறுப்புகள்

முதல் மறுப்பு, எதிலும் புராணத்தைத் தேடிப் பிடிக்கலாம் என்பது. ஜோசப் கேம்பல் 1949இல் உலகப் புராணங்கள் அனைத்துக்கும் ஒரே வீரப் பயணம்தான் என்று எழுதினார். ‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்த ஜார்ஜ் லூகாஸ் அவருக்குக் கடன்பட்டதை ஒப்புக்கொண்டார். அந்த அளவுகோலை வைத்தால் ‘பாட்சா’வும் விராட பருவம்தான். பலசாலி ஒருவன் அடையாளத்தை மறைத்து ஏவல் வேலை செய்கிறான். தன்னைக் கட்டிவைத்து அடித்தபோது பொறுத்துக்கொள்கிறவன், வீட்டுப் பெண் மீது கை வைத்ததும் வெளிப்படுகிறான். சமையல்காரனாக இருந்த பீமன் கீசகனைக் கொன்ற கதையும் இதுதான். ஒப்புமை அழகானது. ஆனால் ‘பாட்சா’ அமிதாப்பின் ‘ஹம்’ படத்தைத் தழுவிப் பிறந்தது. அதைப் புராணத்தின் நேர் வாரிசு என்று சொல்வது மிகை. வெறும் ஒப்புமையை நான் ஆதாரமாகக் கொள்ளவில்லை. நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான். பார்ப்பவரின் மனதிலிருக்கும் பழங்கதையை எடுத்துவிட்டால் படம் தன் பொருளில் பாதியை இழக்கிறதா? ‘தளபதி’, ‘ராவணன்’, இரண்டு ‘கர்ணன்’களும் இழக்கும். ‘பாட்சா’ இழக்காது. எல்லாக் கதைக்கும் ஒரே எலும்புக்கூடு என்று சொல்வதால் ஒன்றும் விளங்காது. இந்த மண்ணில் இந்தப் பாத்திரத்துக்கு ஏன் இத்தனை கண்ணீர் என்று கேட்டால்தான் விளங்கும்.

இரண்டாவது மறுப்பு சந்தையிலிருந்து வருகிறது. பிரம்மாண்டமும் தெய்வமும் சேர்ந்தால் இன்று நாடு முழுக்க ஓடும், இதில் நியாய விசாரணைக்கு என்ன வேலை என்பார்கள். 2023இல் வந்த ‘ஆதிபுருஷ்’ அதற்குப் பதில். பெரும் செலவு, பிரபாஸ், ராமாயணம், ஒவ்வொரு அரங்கிலும் அனுமனுக்கென ஓர் இருக்கை என்ற அறிவிப்பு. தொடக்க நாட்களில் கூட்டம் குவிந்தது, பிறகு சரிந்தது. வசனங்களை அவசரமாக மாற்றியும் படம் எழவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, பெரிய நட்சத்திரம் யாரும் இல்லாமல் கன்னடத்திலிருந்து வந்த ‘காந்தாரா’ இந்தியா முழுக்க ஓடியது. அதன் கதை ஒரு நில வழக்கு. அரசன் தெய்வத்தின் முன்னிலையில் மக்களுக்குத் தந்த நிலத்தை அவன் வாரிசு திரும்பக் கேட்டு நீதிமன்றம் போகிறான், அதன் படிக்கட்டிலேயே ரத்தம் கக்கிச் சாகிறான். துளு நாட்டின் பஞ்சுருளியும் குளிகனும் அலங்காரத்துக்கு வந்தவர்கள் அல்லர். நிலத்துக்குச் சாட்சி சொல்ல வந்தவர்கள். ‘கல்கி 2898 ஏ.டி.’ முடிவில் நாயகனைக் கர்ணன் என்று வெளிப்படுத்தியதும், கர்ணனா அர்ஜுனனா என்ற பழைய சண்டை சமூக ஊடகங்களில் புதிதாக மூண்டது. ராமராவ் 1977இல் தானே இயக்கி, கர்ணனாகவும் துரியோதனனாகவும் கண்ணனாகவும் நடித்த தெலுங்குப் படத்தின் தொடர்ச்சி அது. பக்தி முதல் காட்சிக்குக் கூட்டம் சேர்க்கும். நூறாவது காட்சிக்குக் கேள்விதான் கூட்டம் சேர்க்கும்.

மூன்றாவது மறுப்பே கனமானது. புராணங்கள் பிறப்பால் உயர்வு தாழ்வு சொல்பவை, பெண்ணை அடக்குபவை. அவற்றை மறுபடி மறுபடி திரையில் எடுப்பது அந்த விஷத்துக்குப் புது உயிர் கொடுப்பதாகாதா என்று பெரியாரின் வழி வந்தவர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி. கேள்வியே இல்லாமல் காலில் விழும் படங்கள் அந்தத் தீங்கைச் செய்யத்தான் செய்கின்றன. ஆனால் ராமாயணத்தைக் கடுமையாக எதிர்த்தவர்களே அதை மேடையில் நடித்துக் காட்டித்தான் எதிர்த்தார்கள், எம்.ஆர்.ராதா போட்ட நாடகம் அதற்குச் சான்று. பஞ்சாயத்தில் எதிர்க்கட்சி பேசாவிட்டால் ஒருதலைத் தீர்ப்புதான் கிடைக்கும். பழங்கதையை விட்டு விலகிவிட்டால் அது மறைந்துவிடாது. கேள்வி கேட்காதவர்களின் கைக்குப் போகும். மாரி செல்வராஜும் ரஞ்சித்தும் அதை எடுத்துக் கையாள்வது, இந்தக் கதைகளில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று உரிமை கோருவதால்தான்.

இந்த மூன்றாவது மறுப்பில் ஒரு பகுதியை நான் முழுதாக ஏற்கிறேன். நம் சினிமா கர்ணனுக்காக எத்தனை முறை வாதாடியிருக்கிறது என்று பார்த்தோம். ராவணனுக்கும் ஆள் கிடைத்தார்கள். பெண்களின் வழக்கை எத்தனை பேர் எடுத்தார்கள்? ‘தளபதி’யில் தாயின் துக்கம் மகனின் துக்கத்துக்குத் துணையாகவே வருகிறது. பதினான்கு பதினைந்து வயதில் தனியாகப் பிள்ளை பெற்றவளுக்கு ஊர் செய்த அநீதி தனி வழக்காகவில்லை. ‘ராவணன்’ படத்தில் வெண்ணிலாவின் கொடுமை அண்ணனின் பழிக்குக் காரணமாக நின்றுவிடுகிறது. சூர்ப்பணகை தன் வாயால் பேசவில்லை. மாரி செல்வராஜின் படத்தில் திரௌபதி காதலியாக இருக்கிறாள். கேள்வி கேட்பவளாக இல்லை. சபை நடுவே, தன்னையே தோற்றவனுக்குத் தன்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்று மூலக் கதையின் திரௌபதி எழுப்பிய சட்டக் கேள்விக்குப் பீஷ்மரே பதில் சொல்ல முடியாமல் திணறினார். பாரதத்தின் மிகக் கூர்மையான வாதம் அது. பெரிய தமிழ்ப் படம் ஒன்று அதை மையமாக வைத்து இன்னும் வரவில்லை.

கூத்து மரபு இதில் சினிமாவைவிட முன்னே நிற்கிறது. படுகளத்தில் திருவிழா முழுவதும் திரௌபதியைச் சுற்றியே நடக்கிறது. அவள் கூந்தல் முடிந்தால்தான் ஊருக்கு விழா முடியும். கண்ணகியை மையமாக வைத்து 1942இலும் 1964இலும் படம் எடுத்த துறைக்கு இது தெரியாத வித்தையல்ல. இன்று புராணப் படம் எடுக்க நினைப்பவர்கள் கிராபிக்ஸுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை வில்லிபாரதத்தையும் கம்பனையும் கூத்து வாத்தியார்களின் பாடங்களையும் உட்கார்ந்து படிக்க ஒதுக்கட்டும். எங்கே ஒருவருக்கு வாய் அடைக்கப்பட்டிருக்கிறது என்று தேடட்டும். அந்த இடத்தில்தான் அடுத்த பெரும்படம் இருக்கிறது. தமிழ் ரசிகன் புராணத்தைப் பார்க்க வரும்போது கும்பிடவும் தயாராக வருகிறான், குறுக்கு விசாரணை செய்யவும் தயாராக வருகிறான். இரண்டாவதற்கு அவனை நம்பியவர்களே இங்கே நிலைத்திருக்கிறார்கள். சூர்ப்பணகைக்கும் குந்திக்கும் திரௌபதிக்கும் அவர்கள் தரப்பைத் தாங்களே பேச இடம் கொடுக்கும் இயக்குநரையும் அவன் கைவிடமாட்டான்.